கழுவாத தட்டு

2004 ஜூலை 13, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணி. அந்த நேரம் ருக்கியாவுக்கு இன்றும் மறக்கவில்லை. ஏனெனில் சரியாகப் பதினொரு மணிக்குத்தான் அவளுடைய மாமியார் கதியும்மா அரிசி மாவுப் பத்திரியும் மத்தி மீன் குழம்பும் வயிறாரத் தின்று முடித்திருந்தார். அவர் காலில் இருந்த சர்க்கரைப் புண்ணுக்கு மருந்து கட்ட, பக்கத்து நகரமான திரூரிலிருந்து ஒரு நர்ஸ் முதன்முறையாக வந்திருந்தார். பெயர் சௌதாமினி. ஐம்பது வயது, மடக்குக் குடை, மருந்துப் பை.

"சிஸ்டரே, நேத்துலேருந்து ஒரு வாய் கஞ்சி கிடையாது. இந்த வீட்டுல எனக்குன்னு எதுவும் வேகறதில்ல" என்றார் கதியும்மா.

வாசற்படியில் நின்ற ருக்கியா அடுப்படிக்குள் போய்விட்டாள். சௌதாமினி கட்டுப்போட்டு முடித்தார். பிறகு அடுப்படிக்கு வந்து, "பயப்படாதே மோளே. உம்மா கையில மீன் குழம்பு வாசம் இன்னும் போகல" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ருக்கியா எட்டு மாதமாகக் காத்திருந்தாள். அழுகையினூடே எல்லாவற்றையும் கொட்டினாள். கணவன் ஹம்ஸா சார்ஜாவில் இருந்தான். வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்ததும் அவன் போன் செய்வான். உம்மா பட்டினிக் கதையைச் சொல்லுவார். 'பெருநாளுக்கு வர்றேன். உம்மா சொல்றது நெசம்னா, நீ உங்க வீட்டுக்குப் போயிடலாம்' என்று அவன் தீர்த்துச் சொல்லிவிட்டான்.

இது பசியல்ல, மறதி நோய் என்று சௌதாமினி விளக்கினார். உண்டவுடன் காலண்டரில் ஒரு கோடு போடச் சொன்னதும் அவரே. அந்த யோசனை மூன்று நாள் கூடத் தாங்கவில்லை. கோடுகளை உற்றுப் பார்த்த கதியும்மா, "ஓ, காலண்டருக்குச் சோறு போட்டிருக்கா. அது கொழுத்துத்தான் இருக்கு" என்றார். அடுத்த வாரம் அதைக் கேட்டுச் சௌதாமினி சிரித்தார். "தப்பு என்னோடது. இன்னிக்கு உம்மா சாப்பிடறதை நான் உட்கார்ந்து பார்க்கறேன்" என்று சுவரோரம் அமர்ந்தார்.

கதியும்மா கடைசி வாயை விழுங்கி முடிக்குமுன் ருக்கியா தட்டை எடுத்தாள், மேசையைத் துடைத்தாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். எச்சில் தட்டைக் காயவிடும் பெண்ணை அந்த ஊரில் யாரும் நல்லவள் என்று சொல்வதில்லை.

"நிறுத்து மோளே. உம்மா தின்னதுக்கு இருக்கற ஒரே சாட்சியை நீதான் கழுவி விடறே. இனிமே அடுத்த வேளை வரைக்கும் தட்டு அங்கேயே கிடக்கட்டும்" என்றார் சௌதாமினி.

"யாராவது வந்து பார்த்தா காறித் துப்ப மாட்டாங்களா?"

"துப்பட்டும். அதையும் துடைக்காதே."

மறுநாள் பசி என்று தொடங்கிய கதியும்மா, முன்னாலிருந்த முட்களை விரலால் கிளறினார். "நாலு மத்தி. இதை நானா தின்னேன்?" என்று கேட்டுவிட்டு அடங்கினார். எல்லா நாளும் அப்படி அமைந்ததில்லை. சில நாள் பழி பூனைமீது விழும். அப்போது வாதாட வேண்டாம், ஒரு பழத்தை உரித்துக் கொடு என்றார் சௌதாமினி.

வழக்கத்துக்கு மாறாக ஒரு செவ்வாய்க்கிழமை ஹம்ஸாவின் போன் வந்தபோது, சௌதாமினியே ரிசீவரை வாங்கி நோயைப் பற்றிச் சொன்னார். மறுமுனையில் ஹம்ஸா கத்தியது அறை முழுவதும் கேட்டது. "எங்க உம்மாவைப் பைத்தியம்னு சொல்ல நீ யாரு? என் பெண்டாட்டி உனக்கு எத்தனை நாள் மீன் குழம்பு ஊத்தினா?"

போகும் வீடுகளில் பாலும் சர்க்கரையும் போடாத கட்டன் சாயாவைத் தவிர எதையும் வாயில் வைக்காதவர் சௌதாமினி. ரிசீவரை மெல்ல வைத்துவிட்டு, "புண்ணு ஆறி வருது" என்று மட்டும் சொன்னார்.

பெருநாளுக்கு ஹம்ஸா வந்தான். உம்மாவுக்குத் தன் கையாலேயே நெய்ச்சோறு ஊட்டினான். அரை மணி நேரம் கழிந்தது. உம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஹம்ஸா, பெருநாளுன்னு பேரு. பெத்தவளுக்கு ஒரு பருக்கை தந்தியாடா?" என்றார். அவன் முன்னாலிருந்த நெய்ச்சோற்றுத் தட்டைப் பார்த்தான். ருக்கியா பழைய பழக்கத்தில் தட்டை எடுக்கக் குனிந்தபோது அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "அங்கேயே இருக்கட்டும்" என்றான். உங்கள் வீட்டுக்குப் போய்விடு என்ற பேச்சு அதன்பின் எழவில்லை.

கதியும்மா இரண்டாண்டு கழித்து இறந்தார். அதுவரை ஒரு செவ்வாய்க்கிழமையும் தவறாமல் சௌதாமினி வந்தார். மழையில் நனைந்த குடையை அவர் முற்றத்தில் உதறும் ஓசைக்காக ருக்கியா காத்திருந்த காலம் அது. ஒவ்வொரு வீடும் கற்றுத் தந்ததை அவர் ஒரு நீள நோட்டில் எழுதி வந்தார். மற்ற நர்சுகள் அதை இரவல் வாங்கிப் படித்தார்கள். பின்னாளில் வீடு வீடாகச் செல்லும் ஊழியர்களுக்கான கையேடாக அது அச்சாயிற்று. சௌதாமினி கொடுத்தனுப்பிய பிரதியில் ருக்கியா தன் வீட்டைக் கண்டாள், பெயர் இல்லை. 'தட்டை உடனே கழுவாதிருக்கச் சொல்லவும். பட்டினிப் புகாரை நம்பிய குடும்பத்தினரைக் கோபிக்க வேண்டாம்; ஒரு வேளை அவர்களே ஊட்டட்டும். இந்த வீட்டில் மகன் விரைவில் புரிந்துகொண்டார்.'

அதை ஹம்ஸாவிடம் வாசித்துக் காட்டினாள்.

"போன்ல நான் பேசினதை எழுதலையா?"

"இல்ல."

"ஒரு நாள் போய் மன்னிப்புக் கேட்கணும்" என்றான். அவன் போகவேயில்லை. சௌதாமினி ஓய்வு பெற்றபின் இருமுறை பெரிய கடைத்தெருவில் அவனுக்கு எதிர்ப்பட்டார். இருமுறையும் அவனுடைய முழங்கால் வலியைத்தான் விசாரித்தார்.