ஐந்தருவிப் படியில் பை காப்பவள்

இலக்கியக் கூட்டங்களுக்குப் போனால் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி, "எழுத உங்களுக்கு எப்படி நேரம் கிடைக்குது?" என்பதுதான். கிடைப்பதில்லை. ஐந்தருவிப் படியில் உட்கார்ந்து மற்றவர்களின் பைகளுக்குக் காவல் இருந்து பிடுங்கிக்கொள்கிறேன். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்க இதில் ஒன்றுமில்லை.

நான் ஆய்க்குடியில் கணக்கு டீச்சர். வீடு தென்காசியில். காலையில் சமையல், பஸ், பள்ளிக்கூடம், மறுபடி பஸ், திருத்த வேண்டிய நோட்டுகள், மறுபடி சமையல். மிஞ்சுவது சனியும் ஞாயிறும். அருவியில் சீசன் தொடங்கிவிட்டால் அதுவும் போச்சு. சாரல் விழுகிறது என்று தெரிந்தால் போதும், கல்யாணத்துக்குக் கூப்பிட்டும் வராத சொந்தமெல்லாம் துண்டும் நல்லெண்ணெயுமாக வந்து இறங்கும்.

என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மதினி, தென்காசியில் பிறந்து மதுரையில் வாழ்க்கைப்பட்டவர். மதினி, அவர் கணவர், இரண்டு மகள்கள் என்று நாலு பேரும் சீசனில் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வருவார்கள்.

அருவிக்குக் கும்பலாகப் போனால் ஒருத்தர் குளிக்காமல் இருந்து பைகளையும் போன்களையும் கழற்றிய நகைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் குரங்கு, இன்னொரு பக்கம் திருடன். அந்த ஒருத்தர் யார் என்பதில் எல்லா வீட்டிலும் முகம் தூக்கல் உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானே முன்வந்தேன். அருவித் தண்ணீர் பட்டால் எனக்குச் சளி பிடிக்கும் என்று ஒரு பொய் சொன்னேன். எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு இரண்டு மணி நேரம். ஒரு பரீட்சை அட்டை, சாரலில் மை கரையாத பால்பாயிண்ட் பேனா. என் மூன்று புத்தகங்களில் பாதி அந்தப் படியில் எழுதியவைதான்.

ஆனால் தண்ணீர் அளவாக விழ வேண்டும். மலையில் மழை கூடினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அப்புறம் வந்தவர்கள் நாள் முழுக்க என் வீட்டில்தான்.

போன ஆடியில் அதுதான் நடந்தது. நாவலின் கடைசி அத்தியாயத்தைத் திங்கட்கிழமை தர வேண்டும். ஏற்கெனவே இரண்டு தவணை தாண்டியிருந்தேன். இந்த முறையும் தவறினால் இந்த வருஷம் புத்தகம் கிடையாது என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை தடை. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் டீ, பஜ்ஜி. அடுப்படியில் வைத்து ஒரு வரி எழுதினேன். அதிலும் கடலை மாவு ஒட்டிக்கொண்டது. மதினியின் கணவர், "எப்பம் தொறப்பான்?" என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைவிட எனக்குத்தான் அவசரம்.

ஞாயிறு மத்தியானம் தடையை எடுத்தார்கள். ஐந்தருவியில் பைகளைச் சுற்றிலும் அடுக்கிவிட்டு உட்கார்ந்தேன். யாரென்றே தெரியாத ஒரு பெண், "யக்கா, இதையும் பாத்துக்கிடுங்க" என்று தன் பையையும் வைத்துவிட்டுப் போனாள். மதினி கணவரின் போன் அடித்தது. "குளிச்சிட்டு இருக்காவ" என்று சொல்லி வைத்தேன். ஒரு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்தில் கதையில் வரும் பெண் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். அவள் சாவியை எடுக்கும்போது மதினி ஈரத்துணியோடு என் முன்னால் வந்து நின்றார்.

"ஏட்டி, நீ போய்க் குளி. பையை நான் பாத்துக்கிடுதேன்."

"வேண்டாம் மதினி. சளி பிடிக்கும்."

"சளியாவது மண்ணாவது. மாத்திரை கொண்டாந்திருக்கேன். பன்னெண்டு வருசமா காவக்காரி மாதிரி இங்கனயே இருக்க. தண்ணிக்குள்ள நிக்கும்போது எனக்கு நெஞ்சு உறுத்துது."

நல்ல மனசுதான். அந்த நல்ல மனசு என் கடைசிப் பக்கத்தைத் தின்னப் பார்த்தது.

"எனக்குச் சளியெல்லாம் பிடிக்காது மதினி. பொய் சொன்னேன். நீங்க குளிக்கப் போனாத்தான் நான் எழுத முடியுது. நாளைக்குக் குடுக்கணும். போங்க."

அவர் தலையிலிருந்து தண்ணீர் என் அட்டையில் சொட்டியது.

"அப்போ நாங்க வாறது ஒனக்குத் தொந்தரவு. அப்படித்தான?"

"ஆமா."

"திமிரு பிடிச்சவ" என்று சொல்லிவிட்டு அருவிக்கே திரும்பிப் போனார். அந்தக் கோபத்தில் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. கதையில் வீட்டைப் பூட்டி, அந்தப் பெண்ணை பஸ் ஏற்றி அனுப்பினேன். அத்தியாயம் முடிந்தது.

திரும்பும்போது மதினி காரில் என் பக்கத்தில் உட்காராமல் முன்சீட்டுக்குப் போய்விட்டார். இனி வரமாட்டார்கள் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வைத்துப் பக்கங்களைப் படம் எடுத்துப் பதிப்பாளருக்கு அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மதினி போன் செய்தார்.

"ஏட்டி, நாளைக்கு வாரோம். என் நாத்தனா வீட்டாளுகளையும் கூட்டிட்டு வாரேன். நாங்க நாலு மணி நேரம் குளிக்கோம், நீ உக்காந்து எழுது. ஒனக்காகத்தான் வாரோம்."

"அது எழுதி முடிஞ்சிட்டு மதினி."

"அடுத்தத ஆரம்பி. சாரல் நல்லா இருக்காம்லா."

பத்துப் பேருக்கு இட்லிக்கு ஊறப்போட்டேன். அடுத்த புத்தகத்துக்கு என்னிடம் ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் அட்டையைப் பையில் எடுத்து வைத்தேன். எழுதாவிட்டால் போகட்டும், அது மடியில் இருந்தால் யாரும் என்னிடம் டீ கேட்கமாட்டார்கள்.