பிரிட்ஜின் மேல் ஒரு வாரம்

"19.9.1976, ஞாயிறு. அப்பா – சுழியன். ஜெகன் அங்கிள் – நெடுவல். திறப்பது தேத்தண்ணிக்குப் பிறகு."

கோடிட்ட கொப்பியொன்றில், பத்து வயதுக் கையெழுத்தில், நான் எழுதிவைத்த குறிப்பு இது. பழைய நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், அன்று ஞாயிறுதான். அந்தப் பக்கத்தை இப்போது முகர்ந்தால் தூசிதான் மணக்கிறது. அன்று சிட்னிப் புறநகரான கிரவீனில் எங்கள் வீட்டுக் குசினி முழுவதும் கப்பலின் வயிற்று மணம் இருந்தது: ஈரச்சாக்கு, எண்ணெய், வழவழத்த தாளில் ஊறிய அச்சு மை எல்லாம் கலந்து, இரண்டரை மாதம் கடலில் கிடந்து வந்த ஒரு சஞ்சிகையின் மணம்.

அப்பாவும் ஜெகன் அங்கிளும் யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்காகக் கூடைப்பந்து ஆடியவர்கள். பிறகு அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு நகரத்தில் இரண்டு வருடம் ஒன்றாகப் படித்து, அந்த நகரத்து அணியை "எங்கட ரீம்" என்று ஆக்கிக்கொண்டு, அந்தப் பற்றையும் பெட்டியோடு சிட்னிக்குக் கொண்டுவந்தவர்கள். அமெரிக்காவில் ஆண்டுதோறும் கோடையில் தொழில்முறை அணிகள் வரிசைப்படி கல்லூரி ஆட்டக்காரர்களைத் தெரிவுசெய்யும். பின்தங்கிய அணி முதலில் எடுக்கும். வரிசையில் ஓர் அணிக்குரிய இடத்தை எங்கள் வீட்டில் "முறை" என்றார்கள். இனி வரும் வருடத்து முறையைக்கூட ஓர் அணி இன்னோர் அணிக்குக் கைமாற்றலாம். அப்படிக் கைமாறி வந்த ஒரு முறை, அடுத்த வருடத்துக்கென்று எங்கள் அணியிடமும் இருந்தது. இன்னும் நடக்காத ஒன்றை வைத்திருக்க முடியும் என்பது அப்போது எனக்கு மந்திரம்போலத் தோன்றியது.

அமெரிக்காவில் ஜூனில் முடிந்த தெரிவு எங்களுக்குச் செப்டெம்பரில்தான் நடந்தது. முடிவு அச்சான இதழ் ஜெகன் அங்கிளின் விலாசத்துக்குக் கடல் தபாலில் வரும். அவர் அதை உறை பிரிக்காமல் கொண்டுவந்து எங்கள் குசினிப் பிரிட்ஜின் மேல் வைப்பார். அடுத்த ஞாயிறு வரை ஒருவரும் தொடக்கூடாது. அந்த ஒரு வாரத்தில் பழைய இதழ்களை மட்டும் விரித்துவைத்து, எங்கள் அணி யாரை எடுத்திருக்கும் என்று இருவரும் வாதாடுவார்கள். நான் கொப்பியில் எழுதுவேன்.

படவரைஞரான அப்பா, ஆட்டக்காரர்களை அளந்தார். பந்தின் விட்டம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்பதால், படத்திலிருக்கும் பந்தை முக்கோண அடிமட்டத்தால் அளந்து, அதிலிருந்து கையின் நீளத்தையும் பாய்ச்சலின் உயரத்தையும் கணக்கிடுவார். ஜெகன் அங்கிளுக்கு அந்தக் கணக்குகள் பொருட்டில்லை. "ஆடேக்க எல்லாரும் வடிவுதான், மச்சான். வாங்கில இருக்கேக்க மூஞ்சையைப் பாரும்," என்பார். வெளியே உட்காரவைக்கப்பட்டவன் ஆட்டத்தைப் பார்க்கிறானா, தன் சப்பாத்தைப் பார்க்கிறானா என்பதே அவருடைய அளவுகோல். பொம்பிளை பார்க்கப் போகிறவர்களும் இத்தனை படம் பார்ப்பதில்லை என்று அம்மா சிரித்தால், "அவை பிழை விட்டால் ஒரு வீடுதான் தங்கச்சி குழம்பும். இது முழு ரீமும் போயிடும்," என்று பதில் வரும்.

அந்த வருடம் இருவருக்கும் வெவ்வேறு ஆள். அப்பாவின் ஆள் குள்ளமான, கண்ணில் குறும்புள்ள "சுழியன்". ஜெகன் அங்கிளின் ஆள், முழங்காலில் கட்டுப்போட்ட "நெடுவல்". மாதக் கடைசியில் ஜெகன் அங்கிள் வேலை மாறி மெல்பேர்ணுக்குப் போகவிருந்தார். கொப்பி ஒன்றுதான். சரியாகச் சொல்பவருக்குக் கொப்பி, இருவரும் ஒரே பெயரைச் சொன்னால் முதலில் சொன்னவருக்கு, என்று முடிவானது. தன் ஆளை முதலில் சொல்லியிருந்தவர் ஜெகன் அங்கிள். மூன்று வருடமாக அந்தப் பக்கங்களில் எழுதியவளும், ஓரங்களில் பறக்கும் கால்களை வரைந்தவளும் நான். என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை பள்ளியால் வந்து, அம்மா கொடியில் உடுப்புப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கதிரையில் ஏறி அந்த இதழை உறையோடு எடுத்தேன். பட்டர் கத்தியால் உறையின் ஒட்டை மெல்ல நெம்பினேன். பட்டியலில் எங்கள் அணிக்கு நேரே சுழியனின் பெயர் இருந்தது. நெடுவல் எங்கோ கீழே, வேறொரு நகரத்துக்குப் போயிருந்தான்.

கொப்பி எங்கள் வீட்டில்தான் இருக்கப்போகிறது. ஆனால் எதிர்பார்த்த மகிழ்ச்சி வரவில்லை. மேசையில் கிடந்த பழைய படங்களில் இருவரும் இன்னும் காற்றில்தான் நின்றார்கள், வளையத்துக்குக் கிட்ட, இன்னும் யாராலும் எடுக்கப்படாதவர்களாய். அந்த வீட்டில் எனக்கு மட்டும் அவர்கள் தரையில் இறங்கிவிட்டார்கள். சோற்றுப்பருக்கையை நசுக்கி உறையை ஒட்டி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஞாயிறு மாலை வேலியோரத்து வாட்டில் மரம் மஞ்சளாய்ப் பூத்திருந்தது. அந்த வெளிச்சம் ஜன்னலால் வந்து மேசையில் பரவியிருந்தது. தேத்தண்ணி ஆறுவதற்குள் ஜெகன் அங்கிள் ஒரு படத்தை அப்பாவின் பக்கம் தள்ளினார். அதில் சுழியன் வாங்கில் துவாயால் முகத்தை மூடியிருந்தான். இன்னொரு படத்தில் கட்டுப்போட்ட காலோடு நெடுவல் எழுந்து நின்று கூட்டாளிகளுக்காகக் கத்திக்கொண்டிருந்தான். அப்பா அடிமட்டத்தைக் கீழே வைத்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நீர் சொல்லுறது சரிபோலதான் கிடக்கு. நானும் நெடுவலையே எழுதவோ?"

"மாத்தாதேங்கோ அப்பா," என்றேன்.

"ஏன் பிள்ளை?"

கண் என்னை மீறிப் பிரிட்ஜின் பக்கம் போனது. ஜெகன் அங்கிள் என்னைப் பார்த்தார், பிறகு பிரிட்ஜைப் பார்த்தார், பிறகு தன் கோப்பைக்குள் பார்த்தார்.

"அவள் சொல்லுறது சரிதான் ஐசே. இவ்வளவு காலமும் அளந்துபோட்டு, கடைசியில என்ர வாயை நம்பிறீரே? மாத்தாதேயும்."

அப்பா மாற்றவில்லை. ஜெகன் அங்கிளே உறையைப் பிரித்தார், ஒட்டு இருந்த பக்கத்தைத் தன் உள்ளங்கையால் மூடியபடி. சுழியனின் பெயரை உரக்க வாசித்துவிட்டு, முகத்தில் எந்த வருத்தமும் காட்டாமல் கொப்பியின் அடுத்த பக்கத்தைத் திருப்பி "வாற வருஷத்து முறை" என்று தலைப்பிட்டார். இன்னும் படித்துக்கொண்டிருந்த மூன்று பெடியளின் பெயரைத் தன் கையாலேயே எழுதி, கொப்பியை என் பக்கம் தள்ளினார். "இவங்களை ஒரு கண் பாத்துக்கொள்ளு. எனக்குக் கடிதம் போடு." அந்த மூவரும் யாருக்கும் தெரியாதவர்களாய், ஒரு முழு வருட தூரத்தில் நின்றார்கள். வியாழன் அன்று நான் தொலைத்தது எனக்குத் திரும்பக் கிடைத்தது.

கிரவீன் வீடு இப்போது இல்லை. அந்தக் காணியில் இரண்டு மாடிவீடுகள் நிற்கின்றன. அப்பாவும் இல்லை. என் மகன் தெரிவுகளை நடக்கும் கணத்திலேயே தொலைபேசியில் பார்த்துவிடுகிறான். பிரிட்ஜின் மேல் வைத்துக் காக்க அவனுக்கு ஒன்றும் இல்லை.

அன்றைய உறைத்தாளைத்தான் நான் பள்ளிப் பழக்கத்தில் கொப்பிக்கு அட்டையாகப் போட்டிருந்தேன். போன மாதம் அது கிழியத் தொடங்கியதால் கழற்றிப் பார்த்தேன். உட்புற விளிம்பில் என் சோற்றுப்பசை வெள்ளைப் பொருக்காக இருந்தது. அதற்கு அடியில் வேறொரு கோடு: மெல்லிய, மஞ்சள் படிந்த கோந்து, நேர்த்தியாக இழுக்கப்பட்டது. அச்சகத்தாரின் ஒட்டு அதற்கும் கீழே தனியாகத் தெரிகிறது. எனக்கு முன்பே யாரோ அதைத் திறந்து மூடியிருக்கிறார்கள்.

மெல்பேர்ணின் கிரெய்கிபர்னில் மகளோடு இருக்கும் ஜெகன் அங்கிளைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "ஓம், அந்த நாளையில் தபால்காரரும் கிழிஞ்சதை ஒட்டி அனுப்புறவை," என்றார். பிறகு, "கொப்பி உன்னட்டத்தானே இருக்கு?"

இருக்கிறது என்றேன். அந்தக் கோந்துக் கோடு தபாலகத்தாருடையதா, ஜெகன் அங்கிளுடையதா என்பதை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. அவருடையதென்றால், முடிவு தெரிந்தும் அவர் நெடுவலையே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கொப்பியிலும் அப்படியே, திகதியோடு, குறித்துவைத்திருக்கிறேன்.