ராகு காலத்தில் வந்த கடல்

தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலை என்றால் நிழலில் உட்கார்ந்து கொழுந்து நிறுத்து எழுதுவதுதான் என்று எல்லாருக்கும் நினைப்பு. என்னைப் போலச் சின்னக் கிராணியாக இருந்து, தோட்டத்து ஆட்களை வருஷா வருஷம் சுற்றுலா கூட்டிப் போகும் பாக்கியமும் தலையில் விழுந்தவர்கள் யாராவது இருந்தால், வாருங்கள், சேர்ந்தே பெருமூச்சு விடுவோம்.

அம்மா இன்னும் தலையாட்டவில்லை

வழக்கமாகக் கோயிலுக்குத்தான் போவோம். எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம் மட்டும், கடலுக்குத்தான் போகணும் என்று செல்லம்மாக்கா பிடிவாதமாக நின்றார். கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்களுக்குள் மூத்தவர் அவர். அவர் சொன்னால் ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் மறுபேச்சு கிடையாது. அதுவும் ஏதோ ஒரு கடல் போதாதாம். சிலாங்கூர் கரையில் அரசாங்கம் காவல் போட்டுப் பாதுகாக்கிற ஒரு கடலோரப் பூங்கா இருக்கிறது, அங்கேதான் போகணுமாம்.

காரணம் மெல்லத்தான் வெளியே வந்தது. அந்தப் பூங்காவில் காவலராக இருக்கும் சேகர் என்ற பையனுக்கு அக்காவின் மகள் விஜயாவைக் கேட்டிருந்தார்கள். பையன் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான், விஜயாவுக்கும் பிடித்துவிட்டது. அம்மாதான் இன்னும் தலையாட்டவில்லை. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், கடலைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

"பையன் நல்லவந்தான், யாரு இல்லேன்னா? ஆனா எம்பொண்ணு அந்தத் தண்ணி பக்கத்துல குடித்தனம் பண்ணணும். தண்ணி எப்படிப்பட்டதுன்னு நான் பாக்க வேணாமா, கிராணி?"

கூடாது, கூடாது, கூடாது

பூங்கா ஆபீசுக்குப் போன் போட்டு அனுமதி கேட்டேன். பேசிய மலாய்க்கார அதிகாரி தங்கமான மனுஷன், ஆனால் நிறைய 'கூடாது' வைத்திருந்தார். காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டில் அதையெல்லாம் வாசித்தேன். சிப்பி பொறுக்கக் கூடாது, பறவைகள் மிரளும்படி சத்தம் போடக் கூடாது என்றபோது எல்லாரும் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டார்கள். நெருப்பு மூட்டக் கூடாது என்றதும்தான் பிரச்சினை வந்தது. அண்டாவும் விறகும் ஏற்றி, போன இடத்தில் ஆட்டுக்கறி ஆக்கிச் சாப்பிடாமல் எங்கள் தோட்டத்தில் எந்தச் சுற்றுலாவும் நடந்ததில்லை. கடைசியில் புளிச்சோறும் மிளகாய்ச் சம்பாலும் பொட்டலம் கட்டுவது என்று அரைமனசாக ஒத்துக்கொண்டார்கள்.

மிச்சமிருந்த ஒன்றையும் பயந்து பயந்து வாசித்தேன். அங்கே இருக்கிற மரம் செடியிலிருந்து ஒரு இலைகூடப் பறிக்கக் கூடாது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"ஞாயித்துக்கெழமையாச்சும் எலையத் தொடாதேன்னு ஒருத்தர் சொன்னாரே, அந்த மனுசன் நல்லா இருக்கட்டும்லா."

நேரம் குறித்த கதை

நேரம் குறித்தது செல்லம்மாக்கா. எமகண்டத்துக்கு முன்னால் போய்ச் சேரணும். சாயங்காலம் நாலரைக்கு ராகு காலம் பிறக்கும் முன்னால் திரும்பக் கிளம்பிடணும். திங்கட்கிழமைப் பெரட்டுக்கு ஒரு ஆள் குறைந்தாலும் இனிமேல் சுற்றுலாவே கிடையாது என்று தோட்டத்தை நடத்தும் துரை முன்னமே சொல்லியிருந்தார். அதனால் எனக்கும் அந்த நேரம் ரொம்பப் பிடித்துப்போனது.

விடியும் முன்னே, ஆளுக்கு இரண்டு சுவெட்டர் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். மலையிறங்கும் தாப்பா ரோட்டு வளைவுகளில் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டார்கள். சமவெளிக்கு இறங்கியதும் புழுக்கம் தாங்காமல் ஒவ்வொரு சுவெட்டராகக் கழன்றது. வைக்க இடமில்லாமல் டிரைவர் அந்தோணியின் சீட்டுக்குப் பின்னால் குவித்தார்கள். அது சரிந்து அவர் தோள் மேலேயே விழுந்தது. அந்தோணி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஏன் கிராணி, நான் ஆளுங்கள ஏத்தினேனா, கம்பளிக் கடைய ஏத்தினேனா?"

வீட்டில் இல்லாத கடல்

சேகர் யூனிபார்மைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றான். சேற்றில் வேர்விட்டு நிற்கிற பாக்காவ் மரங்களுக்கு நடுவே போட்டிருந்த பலகைப் பாதையில் எங்களை வரிசையாக நடத்திக் கூட்டிப்போனான். பாதை முடிகிற மேடைக்கு வந்ததும் எல்லாரும் நின்றோம்.

எதிரே கண்ணுக்கு எட்டிய வரைக்கும் சேறு. அதில் கொக்குகள் நடந்துகொண்டிருந்தன. கடல் தினமும் கிளம்பிப் போய்த் திரும்பி வரும் என்பது எங்கள் மலையில் ஒருத்தருக்கும் தெரியாது. மழை பார்த்தோம், கொழுந்து முற்றாத வாரமாகப் பார்த்தோம், ராகு காலம் எமகண்டம் பார்த்தோம். கடலுக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று கேட்கணும் என யாருக்கும் தோணவில்லை. சேகருக்கோ இது தெரியாதவர்களும் உண்டு என்பது தெரியாது. விஜயா குனிந்த தலை நிமிரவில்லை.

"எங்க கடல்?" என்றார் அக்கா.

"வெளிய போயிருக்குங்கம்மா. சாயங்காலம் வந்துரும்."

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். "சம்பந்தம் பேச வர்ற அன்னிக்குப் பெரியவங்க வெளிய போயிட்டா, நாங்க யாருகிட்ட தம்பி பேசுறது?"

அக்கா வாய் திறக்கவில்லை

புளிச்சோறு சாப்பிட்டு, நிழலில் ஒரு தூக்கமும் போட்டாயிற்று. நாலு மணிக்கு நான் ஆட்களை எழுப்பினேன். சேற்றின் ஓடைகளில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஏறியிருந்தது. இன்னும் அரை மணி பொறுத்தால் வந்துவிடும் என்றான் சேகர். அதற்குள் ராகு காலம் வந்துவிடும், அப்புறம் ஆறு மணிக்கு முன்னால் அக்கா பஸ்ஸில் கால் வைக்க மாட்டார். இப்போதே கிளம்பினால் இந்தச் சம்பந்தம் சேற்றோடு போச்சு. துரையையும் நினைத்தேன், விஜயாவின் முகத்தையும் பார்த்தேன். வாட்சைத் திருப்பித் திருப்பிக்கொண்டு நின்றேன்.

அக்காதான் சட்டென்று பலகை மேல் உட்கார்ந்தார். "ராகு காலத்துல கெளம்பத்தான் கூடாது. உக்காரலாம்."

கடல் வந்தது. அலை அடித்துக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தோம். அது சத்தமில்லாமல் சேற்றை மூடி, வேர்களைச் சுற்றிக்கொண்டு, எங்கள் பலகைக்கு அடியிலும் வந்து நிறைந்தது. அத்தனை பேரும் ஒருத்தருக்கொருத்தர் கைகாட்டிப் பேசியபடி பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

செல்லம்மாக்கா மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. "பிடிச்சிருக்காம்மா?" என்று சேகர் கேட்டான், பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான், அதற்கும் இல்லை. பாவம், என் பக்கத்தில் வந்து, "அம்மாவுக்குப் பிடிக்கலை போலருக்கு, சார்" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. விஜயா தண்ணீரைப் பார்க்கவே இல்லை, அம்மா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணி ஆறு ஆச்சா, கிராணி?"

ஆச்சு என்றேன். அக்கா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார்.

"நல்ல வார்த்தைய ராகு காலத்துல சொல்லக் கூடாதேன்னுதான் வாயத் தெறக்கல. வெளிய போனாலும் சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்துருச்சே இது. எங்க வீட்டுக்காரரு டவுனுக்குப் போனா ஒரு நாளும் இப்படி வந்ததில்ல. பொண்ணக் குடுக்கலாம், தம்பி."

மறுநாள் பெரட்டுக்கு ஒருத்தர் குறையாமல் வந்தும் அத்தனை பேரும் கொட்டாவி விடுவானேன் என்று துரை கேட்டதற்கு, கடல் வர நேரமாகிவிட்டது என்று உள்ளதைச் சொன்னேன், நல்ல தமாஷ் என்று சிரித்துவிட்டு அடுத்த வருஷச் சுற்றுலாவையும் என் தலையிலேயே கட்டிவிட்டார்.