மோதிக்கொள்ளாத இருவர்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த பிறகு, ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃபிளாட்டுக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தவர் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து அப்பாவைத் தலையணையில் சாய்த்து உட்கார வைக்கும் நேரத்துக்குக் காலிங்பெல் அடிக்கும். மேலப்புதூரிலிருந்து பஸ் மாறி, காவிரிப் பாலத்து நெரிசலில் வெந்து, முதுகோடு ஒட்டிய சட்டையோடு உள்ளே வருவார். "சாப்பிட்டானா?" என்று என்னிடம் கேட்பார். நான் பதில் சொல்வதற்குள் அப்பா பக்கம் திரும்பி, "நேத்து நீ சொன்னது சுத்தத் தப்புடா" என்று ஆரம்பித்துவிடுவார்.

இருவரும் ரயில்வே பட்டறையில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். வாலிபத்தில் இருவரும் குத்துச்சண்டை ஆடியிருக்கிறார்கள். அது என்றைக்கோ முடிந்துபோனது. ஆனால் உலகத்தில் எங்கே சண்டை நடந்தாலும் யூடியூபில் தேடிப் பார்ப்பதும், அதைப் பற்றி வாதம் செய்வதும் மட்டும் முடியவில்லை. குறிப்பாக மிடில்வெயிட் என்ற எடைப் பிரிவில் இருந்த இரண்டு சாம்பியன்களைப் பற்றி. அந்த வெளிநாட்டுப் பெயர்கள் என் வாயில் நுழையாது. டிரவுசரின் நிறத்தை வைத்து நீலம், சிவப்பு என்று பெயர் வைத்தேன்; போகப்போக அவர்கள் இருவரும்கூட அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள்.

நீலம் பல வருடங்கள் அதே எடையில் நின்று சாம்பியன் பெல்ட்டைக் காப்பாற்றியவன். யார் வந்தாலும் அடித்து அனுப்பினான். சிவப்பு அப்படியில்லை. ஒரு எடையில் ஜெயிப்பான், அடுத்த எடைக்குப் போவான், அங்கும் ஒரு பெல்ட் வாங்குவான், திரும்பி வருவான். இருவரும் ஒரே காலத்தில் இருந்தும் ஒரு தடவைகூட மோதிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் பேச்சுவார்த்தை நடக்கும், ஏதாவது காரணத்தால் முறியும். யார் யாரைக் கண்டு ஓடினார்கள் என்பதுதான் எங்கள் ஹாலில் தினமும் நடந்த வழக்கு.

சிநேகிதர் நீலத்தின் ஆள். "உன் ஆளு அடிச்ச லிஸ்ட்டைப் பாருடா. ஒருத்தன் வயசானவன். இன்னொருத்தன் எடையைக் குறைச்சு எலும்பும் தோலுமா வந்தவன். சந்தையில கத்திரிக்கா பொறுக்கற மாதிரி பொறுக்கி எடுத்து அடிச்சிருக்கான்."

அப்பா சிவப்பின் ஆள். அவர் நாக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஒவ்வொரு சொல்லையும் இழுத்துக்கொண்டு வருவார். "உன் ஆளு... யாரை அடிச்சான்? பேர் தெரியாதவனை எல்லாம். வீட்டு வாசல்லயே நின்னுக்கிட்டு... வர்றவனை அடிச்சா... அது பெரிய வீரமா?"

பக்கத்து அறையில் நான் காதில் ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டு வேலை பார்ப்பேன். சென்னையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. அப்பா விழுந்ததும் வீட்டிலிருந்தே செய்ய அனுமதி வாங்கி வந்திருந்தேன். அம்மா இல்லை. உடன்பிறந்தவர்கள் இல்லை. என் கல்யாணம் ஏற்கெனவே விவாகரத்தில் முடிந்திருந்தது. ஆகவே வேறு யார் வருவது என்ற கேள்வியே எழவில்லை. வேலைக்கு வைத்த நர்ஸ்கள் ஒரு மாதம் தாண்டி நிற்கவில்லை. அப்பாவைத் தூக்கி உட்கார வைப்பது, பாத்ரூமுக்குக் கூட்டிப் போவது, பிசியோதெரபி, மாத்திரை, நடுவில் மேனேஜரின் போன். மூன்றாவது மாடி. சமையலறை ஜன்னலில் கோபுரம் தெரியும். எதிர் ஃபிளாட் மாமி எப்போது பார்த்தாலும், "ஆத்துல இருந்துண்டே பெருமாள் கோபுரத்தைச் சேவிச்சிண்டிருக்கேள், என்ன பாக்கியம்!" என்பார். எனக்கு அந்த ஜன்னலின் கம்பிகள்தான் முதலில் தெரியும். வாசல் கிரில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்கும்போதெல்லாம் என்னை உள்ளே வைத்துப் பூட்டுகிற மாதிரி இருக்கும். கதவைச் சாத்துவது நானேதான் என்றாலும்.

அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து எல்லோரும் நேரில் வந்தாக வேண்டும், விதிவிலக்கு கிடையாது. நான் அதை அப்பாவிடம் சொல்லவில்லை. சென்னைக்கு வர மாட்டேன் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். மெயிலைத் திறப்பதும் மூடுவதுமாக ஒரு வாரம் ஓடியது.

அந்த வாரக் கடைசியில் அப்பாவை டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தது. உதவிக்குச் சிநேகிதரும் காலையிலேயே வந்துவிட்டார். அப்பாவை வீல்சேரில் வைத்து லிஃப்டில் ஏற்றினோம். மூன்று பேருக்கும் சேர்த்துச் சரியாகத்தான் இடம். என் முழங்கால் வீல்சேரின் சக்கரத்தில் இடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது மாடியைத் தாண்டியதும் ஒரு குலுக்கல். விளக்கு அணைந்தது. ஃபேனும் நின்றது.

கரண்ட் போயிருந்தது. ஜெனரேட்டர் ஓடும் என்று காத்திருந்தோம். ஓடவில்லை. அலாரம் பொத்தானை அழுத்தினேன், சத்தமே வரவில்லை. கதவைத் தட்டினேன். "வாட்ச்மேன்! யாராவது இருக்கீங்களா?" பதில் இல்லை. போனில் சிக்னலும் இல்லை. அதன் வெளிச்சத்தில் அப்பாவின் முகம் வியர்த்திருப்பது தெரிந்தது.

"பயப்படாதே பாப்பா. வந்துருவாங்க" என்றார் சிநேகிதர்.

"நான் பயப்படலை மாமா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பிறகு, நம்ப முடியாதபடி, சிநேகிதர் ஆரம்பித்தார். "சிவப்பு ஒரே ஒரு தடவை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருந்தா எல்லாம் தெரிஞ்சிருக்கும்டா."

"இப்ப வேண்டாம் மாமா. ப்ளீஸ்" என்றேன்.

அப்பா விடவில்லை. "நீலம் ஏன்... மேல ஏறி வரலை?"

"அவன் ஏன் வரணும்? அது அவன் இடம். அவன் இடத்துல அவன் நின்னான்." பிறகு வேறு குரலில், "நானும் நின்னேன்" என்றார்.

இருட்டில் அப்பா அசைந்தது வீல்சேரின் கிறீச்சில் தெரிந்தது.

சிநேகிதர் இப்போது என்னிடம் பேசினார். ஆனால் சொல்வது அப்பாவுக்குத்தான் என்று புரிந்தது. "உனக்குத் தெரியாது பாப்பா. நானும் உங்கப்பனும் ஒரே எடை. பட்டறையிலேருந்து எடைக்கு ஒருத்தன்தான் போட்டிக்குப் போக முடியும். எங்க ரெண்டு பேருக்கும் செலக்‌ஷன் ஆட்டம் வெச்சிருந்தாங்க. மொத்தப் பட்டறையும் அதைத்தான் பேசிக்கிட்டிருந்துச்சு. அந்த வாரம் பூரா இவன் தண்ணி குடிக்கலை. சித்திரை வெயில்ல ரெயின்கோட்டை மாட்டிக்கிட்டு ஓடினான். எடை பாக்கற அன்னிக்கு வந்து நின்னா, எனக்கு ஒரு எடைப் பிரிவு கீழே இருக்கான். அங்க போட்டிக்கு ஆளே இல்லை. போனான், மெடல் வாங்கினான், பிரமோஷன் வாங்கினான். நான் மிடில்வெயிட்ல போயி முதல் ஆட்டத்துலயே தோத்துட்டு வந்தேன். அது பரவாயில்லை. என்கூட ஏன் ஆடலைன்னு இன்னி வரைக்கும் இவன் உண்மையைச் சொல்லலை."

அப்பா அந்த மெடலை எனக்குக் காட்டியிருக்கிறார். இந்தக் கதையைச் சொன்னதில்லை.

"எத்தனை தடவை சொல்றது... கோச் சொன்னாரு, இறங்கினேன்" என்றார் அப்பா.

"கோச் சொல்லலை. நான் அவர்கிட்டயே கேட்டேன்."

வெப்பம் மேலிருந்து ஒரு போர்வை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் மூச்சு இரைந்தது. நான் அவர் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துவிட்டு, டாக்டர் ஃபைலால் விசிறினேன். அவர் என் கையைத் தள்ளினார்.

"ஆமாடா" என்றார். "பயந்துட்டேன். உன்னைப் பார்த்துத்தான். போதுமா?"

எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது. கீழே யாரோ ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டது. வாட்ச்மேனும் முதல் மாடிக்காரரும் கதவைக் கம்பியால் நெம்பித் திறந்தார்கள். லிஃப்ட் பாதி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பாவைக் கைகளிலேயே தூக்கி இறக்கினோம். சிநேகிதர்தான் தோளைப் பிடித்திருந்தார். இறக்கியதும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் கிளம்பறேன்" என்று நடந்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் காலிங்பெல் அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. அப்பா டிவியைப் போட விடவில்லை. சோற்றை ஊட்டினால் இரண்டு வாயோடு தலையைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் ஒன்று எனக்கு உறைத்தது. அந்த மத்தியான நேரங்களில்தான் நான் குளித்தேன், மீட்டிங்கில் பேசினேன், கடைக்குப் போய் வந்தேன். அவர்கள் சத்தம் என்னைப் பிடித்து வைத்திருப்பதாக நினைத்திருந்தேன். அது நின்றதும் பால் பாக்கெட் வாங்கக்கூட இறங்க முடியவில்லை.

எதிர் ஃபிளாட் மாமியை உட்கார வைத்துவிட்டு ஒரு சாயங்காலம் மேலப்புதூர் போனேன். மகன் வீட்டின் பின்னறையில் இருந்தார் சிநேகிதர். சுவரில் மாதா படம், கட்டில், ஒரு நாற்காலி. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி.

"என்ன மாமா, கோவமா?"

"கோவம் இல்லை. இத்தனை வருஷமா அவன் பயந்து ஓடிட்டான்னு நான் சொல்றேன், அவன் இல்லைங்கறான். அந்த ஆட்டம் எங்கயோ நடந்துக்கிட்டே இருந்துச்சு. இப்ப ஆமான்னுட்டான். இனிமே அங்க வந்து நான் என்னத்தைப் பேசறது?"

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "உங்களுக்கு ஆட்டம் போச்சு. எனக்கு வேலையே போகப்போகுது, தெரியுமா?" என்று கத்திவிட்டேன். மெயிலைப் பற்றிச் சொன்னேன். நர்ஸ்கள் நிற்காததை, நான் வெளியே வந்து எத்தனை நாளாயிற்று என்பதை, ராத்திரியில் அப்பா கூப்பிடாதபோதும் கூப்பிட்ட மாதிரி எழுந்து உட்காருவதை, எல்லாவற்றையும் சொன்னேன். வாசல் பக்கம் அவர் மருமகள் வந்து நின்றுவிட்டுப் போனாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவன்கிட்ட சொன்னியா?"

"இல்லை."

"சொல்லும்மா முதல்ல" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும், "என்ன சொன்னான்?" என்று கேட்டார் அப்பா. சொன்னேன். வேலை விஷயத்தையும் சொன்னேன். அவர் இடது கையால் போனைக் காட்டினார். ஸ்பீக்கரில் போட்டேன். மாமா இந்தத் தடவை எடுத்தார்.

"டேய்" என்றார் அப்பா. "லிஃப்டுல மூச்சு முட்டுச்சு. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அன்னிக்கு நீ என்கூட ஆடியிருந்தா... மூணாவது ரவுண்டுல படுத்திருப்ப."

"யாரு? நானா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு உறுமல் வந்தது. "மூணாவது ரவுண்டு வரைக்கும் நீ நின்னிருப்பியாடா முதல்ல?"

அப்பா லிஃப்டில் சொன்னது உண்மையா, போனில் சொன்னது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை. அன்றைக்கு அவர் தட்டில் போட்ட சோறு முழுவதையும் சாப்பிட்டார்.

மறுநாள் சிநேகிதர் ஒரு ஜிப் பையோடு வந்தார். இரண்டு லுங்கி, ஒரு சட்டை, ஷேவிங் சாமான். "வாரத்துல ரெண்டு நாள் நான் இங்கயே படுத்துக்கறேன். மகன்கிட்ட சொல்லிட்டேன். உன் ஆபீஸ்ல கேட்டுப் பாரு" என்றார். "இவனைத் தூக்கறதுக்கு எனக்குச் சொல்லித் தர வேண்டாம். இவன் எடை எனக்குத் தெரியும்."

கேட்டேன். மேனேஜர் வாரத்தில் மூன்று நாள் நேரில் வர வேண்டும் என்றார். கெஞ்சி இரண்டு நாளாக்கினேன், அதுவும் ஆறு மாதத்துக்கு மட்டும். அதற்குப் பிறகு என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை காலை ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். ஜன்னலோர சீட். கொள்ளிடப் பாலம் தடதடவென்று கடந்தபோது, யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்ற நினைப்பே உடம்பைத் தளர்த்தியது. அரியலூர் தாண்டியதும் போன் அடித்தது.

"பாப்பா, நீயே சொல்லு" என்றார் சிநேகிதர். பின்னால் அப்பா எதையோ மறுத்துக்கொண்டிருந்தார். "இத்தனை நாள் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கே. நீலம் ஓடினானா, சிவப்பு ஓடினானா?"

"சிக்னல் சரியில்லை மாமா" என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகவே இருந்தது. வெளியே முந்திரித் தோப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க முயன்றேன். பத்து மணி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்று சொன்னேனா, பின்னால் என்று சொன்னேனா? நினைவில்லை. நானே திரும்பக் கூப்பிட்டேன்.

"மாத்திரை போட்டாச்சா மாமா?"

"அதெல்லாம் போட்டாச்சு. நீ கேள்விக்குப் பதில் சொல்லு."

போனின் சத்தம் அந்தப் பெட்டி முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். எதிர் சீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.