கேட்காமல் விட்ட கிணறு

1992ஆம் ஆண்டு. கோப்பாய்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் ஒரு மாதமாக நான் சைக்கிள் டைனமோவும் பழைய ரெலிபோன் றிசீவருமாகக் கிணறு கிணறாகத் திரிந்தேன். அவ்வளவு சந்தோசமாக அதற்குப் பிறகு நான் எதையும் படித்ததில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தென்னங்காணி. வடக்குப் பக்கத்திலிருந்து சண்டையால் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் அங்கே கொட்டில் போட்டு இருந்தன. அந்தக் காணிக் கிணறு ஒரே உவர். பெரியவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்கள். ஆனால் கைக்குழந்தையோடு இருந்த ஒரு தாய்க்குப் பால் வற்றிவிட்டது. மாப்பாலை அந்தத் தண்ணீரில் கரைத்தால் திரைந்துபோகும், குழந்தை துப்பிவிடும். அந்தத் தாய் காலையில் வெறும் போத்தலோடு மதிலோரம் வந்து நிற்பார்.

"பிள்ளையள், ஆர் வீட்டிலையாவது நல்ல தண்ணி இருந்தால் கொஞ்சம் கொண்டந்து தாங்கோ."

ஒருநாள் எங்கள் விஞ்ஞான சேர் இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வகுப்புக்குள் வந்ததும் புத்தகத்தை மூடினார்.

"மின்கடத்தலைப் பாடமாக்கினது காணும், போதும். உந்தப் பிள்ளைக்கு ஒரு கிணறு கண்டுபிடிச்சுத் தாங்கோ, பாப்பம்."

உப்புக் கூடிய தண்ணீரில் மின்சாரம் கூடுதலாக ஓடும். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். மின்சாரமோ ஊரிலேயே இல்லை. பற்றறியும் வருவதில்லை. ஆகவே சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி மிதித்து, டைனமோவில் மின்சாரம் எடுத்தோம். செத்த பற்றறிகளை உடைத்து உள்ளே இருந்த கரிக்கோல் இரண்டை எடுத்து ஜாம் போத்தல் தண்ணீரில் இறக்கினோம். மின்சாரம் அந்தத் தண்ணீர் வழியாக, செத்துக் கிடந்த தபால் கந்தோர்த் தொலைபேசியின் றிசீவருக்குப் போகும். காதில் வைத்தால் வண்டு மாதிரி இரையும். உவர் கூடக்கூட இரைச்சலும் கூடும். நல்ல தண்ணீர் என்றால் முனகல்தான்.

வகுப்புப் பெடியன் ஒருவன் மிதிப்பான். என் சினேகிதி தண்ணீர் அள்ளுவாள். நான் சங்கீதம் படித்தவள் என்பதால் காது என்னுடையது. இரைச்சலைக் கேட்ட பிறகு ஒரு மிடறு குடித்தும் பார்ப்பேன். காது சொன்னதை நாக்கும் சொல்ல வேண்டும் என்பது நானே போட்ட சட்டம். அந்த வயதில் சட்டம் போடுவதில் நான் பெரிய ஆள்.

டைனமோவும் சைக்கிளும் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணையுடையவை. ஒவ்வொரு பின்னேரமும் கடன் தருவார், பொழுதுபட முன் திருப்பிக் கொடுப்போம். கம்பி அறுந்தால் அவர்தான் ஒட்டித் தருவார். வாசிகசாலைக்காரரும் சேர்ந்தார்கள். நல்ல கிணறு ஒன்றைக் கண்டுபிடித்தால் நாளாந்தம் பீப்பாய் வண்டியில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது தங்கள் பொறுப்பு என்றார்கள்.

ஊரே எங்களை வரவேற்றது. எங்கள் கிணற்றைக் கேளுங்கள் என்று ஆட்கள் படலையில் நின்று கூப்பிட்டார்கள். உவர் என்று சொன்னால் சிலர் கோபித்துக்கொண்டார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் குறை சொன்னதைப் போல. நான் வரைபடத்தில் ஒவ்வொரு கிணற்றுக்கும் வட்டம் போட்டு நிறம் தீட்டினேன்.

வேலை முடிந்த நாள் டைனமோவைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். அண்ணை அதை வாங்கிச் சீலையால் துடைத்தார்.

"எல்லாம் முடிஞ்சுதோ?"

"ஓம் அண்ணை. ஒரு வீடும் விடேல்லை."

அவர் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எங்கடை பக்கமும் வந்தனீங்களோ, தங்கச்சி?"

எனக்கு முகம் சுட்டது. கடைக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில்தான் அவருடைய வீடு. அங்கே ஐந்தாறு வீடுகள். அவர்கள் வேறு சாதி. எங்கள் பக்கத்து ஆட்கள் அந்தக் கிணறுகளில் தண்ணீர் குடிப்பதில்லை. அங்கே போகாதீர்கள் என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஒரு மாதமாக அவருடைய சைக்கிளை, அவருடைய ஒழுங்கை வாசலாலேயே உருட்டிக்கொண்டு போயிருக்கிறோம். மூன்று பேரில் ஒருவருக்குக்கூட அது உறைக்கவில்லை.

"நாளைக்கு வரத்தான் இருந்தனாங்கள்" என்று பொய் சொன்னேன்.

அடுத்த நாள் போனோம். அண்ணையின் கிணற்றில் றிசீவர் கிட்டத்தட்டப் பேசவே இல்லை. பெடியன் மிதிக்கவில்லையாக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். அவன் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தான். நாங்கள் கேட்ட அத்தனை கிணற்றிலும் அதுதான் நல்ல தண்ணீர்.

அண்ணைக்கு வாயெல்லாம் பல். குழந்தைக்கு எவ்வளவும் அள்ளலாம் என்றார். செம்பை விளக்கி, தண்ணீர் நிரப்பி நீட்டினார்.

"குடிச்சும் பார்க்கிறனீங்கள் எல்லோ, இந்தாங்கோ."

என் கை நீளவில்லை. வீட்டில் தெரிந்தால் என்ன நடக்கும் என்ற பயம் பாதி. மீதிப் பாதிக்கு நான் இன்றுவரை பெயர் வைக்கவில்லை.

"காதே காணும் அண்ணை" என்றேன்.

அவர் செம்புத் தண்ணீரை வாழையடியில் ஊற்றிவிட்டு உள்ளே போனார்.

வாசிகசாலையில் கூட்டம். வரைபடத்தை விரித்து நான்தான் வாசிக்க வேண்டும். அந்த வட்டத்தை வரையாமல் விட்டிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் வாழையடியில் ஊற்றிய தண்ணீர் கண்ணுக்குள் நின்றது. முதலாவது நல்ல கிணறு சைக்கிள் கடை அண்ணையுடையது, தண்ணீர் தர அவருக்குச் சம்மதம் என்று உரத்தே வாசித்தேன். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நல்லது பிள்ளை. இரண்டாவது எது?"

நான் வரைபடத்தையே பார்த்தேன். வாசலில் குழந்தையோடு நின்ற அந்தத் தாய்தான் பேசினார்.

"எங்களுக்கு முதலாவது காணும், ஐயா."

அடுத்த நாள் பீப்பாய் வண்டி அந்த ஒழுங்கைக்குள் போனது. ஒரு கிழமையில் குழந்தை போத்தலைக் கையால் இழுத்துக் குடிக்கிறது என்று அந்தத் தாய் மதிலுக்கு மேலால் தூக்கிக் காட்டினார். நாங்கள் கைதட்டினோம். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பாராட்டெல்லாம் கிடைத்தது. நான் மட்டும் அந்தத் தண்ணீரைக் கடைசிவரை குடிக்கவில்லை.

1995இல் இடம்பெயர எங்கள் முறை வந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரோடு ஊராகத் தென்மராட்சிக்குப் போனோம். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். அங்கே கிணற்றடியில் நீண்ட வரிசை. வெயிலில் நின்று எனக்குத் தலை சுற்றியது. பக்கத்து மரத்தின் கீழ் ஒருவர் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அதே அண்ணை. அருகில் ஒரு பிளாஸ்ரிக் கானில் தண்ணீர்.

நேரே போய்க் கேட்டேன்.

"அண்ணை, கொஞ்சம் தண்ணி தாங்கோ."

அவருக்கு என்னைத் தெரிந்தது. கையைத் துடைத்துவிட்டுக் கோப்பையில் ஊற்றினார். நீட்டும்போது மெதுவாகச் சொன்னார்.

"பயப்பிடாமல் குடியுங்கோ, தங்கச்சி. இது எங்கடை கிணத்துத் தண்ணி இல்லை."

அவர் குத்திக் காட்டவில்லை. நான் சங்கடப்படக் கூடாது என்றுதான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே குடித்தேன். உங்கள் கிணற்றுத் தண்ணீராக இருந்தாலும் குடித்திருப்பேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவரை நான் காணவும் இல்லை.

ஊரில் இருந்த கிணறுகளின் சத்தமெல்லாம் மறந்துபோன என் காதில் அந்த வசனம் மட்டும் இன்னும் நிற்கிறது. யார் வீட்டில் தண்ணீர் நீட்டினாலும், தாகம் இருக்கிறதோ இல்லையோ, இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துவிடுகிறேன்.