கௌஜ் என்று சொன்ன நாற்பது பேர்

மெல்போர்னுக்கு வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு இன்னும் பழகவில்லை. குளிரைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், குளிரெல்லாம் நம்மிடம் வாலாட்ட முடியாது. இங்கே ஒருவன் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால், அவன் வாயை மூடுவதற்குள் எதிரே நிற்பவன் திருத்திவிடுகிறான். திருத்திய கையோடு பிஸ்கட் டப்பாவையும் நீட்டுகிறான். வயதில் பெரியவன், நாலு பேருக்குச் சோறு போட்டவன் என்ற பார்வையெல்லாம் கிடையாது. முதல் தடவை எனக்கு அது நடந்தபோது பிஸ்கட்டை எடுப்பதா, சண்டைக்கு நிற்பதா என்று தெரியாமல் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன். ஊரில் இருக்கும் சொந்தங்களுக்கும், என்னைப் போல மகள் வீட்டு மாடியில் குடியேறி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கும் அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. பெயர் சோலைமலை, மேலூர்ப் பக்கம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துவிட்டது. லேத் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டியவன், கப்பலூர் தொழிற்பேட்டையில் சொந்தப் பட்டறை வைத்து நாற்பது பேரை வேலைக்கு வைத்தேன். தண்ணீர்ப் பம்புகளுக்கு வால்வு செய்வது எங்கள் தொழில். எங்கள் வால்வு ஒழுகியது என்று சொன்னவன் இன்னும் பிறக்கவில்லை. எந்த வாத்தியாரும் எனக்கு ஆங்கிலம் சொல்லித்தரவில்லை. சாமான் வந்து இறங்கும் அட்டைப்பெட்டிகளின் மேல் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி நானே படித்தேன். வால்வு எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்று பார்க்க, கடிகாரம் மாதிரி வட்டமாக, முள் வைத்த கருவி ஒன்று இருக்கிறது. அதன் பெட்டியில் ஜி, ஏ, யு, ஜி, ஈ என்று போட்டிருந்தது. கூட்டிப் பார்த்தேன், கௌஜ் என்று வந்தது. அன்று முதல் எங்கள் பட்டறையில் அது கௌஜ். நானும் நாற்பது பேரும் ஒரு நாளைக்கு நூறு முறையாவது அந்தச் சொல்லைச் சொல்லியிருப்போம். இருபத்தைந்து வருடம்.

இதில் வெட்கப்பட எனக்குத் துணை நிறைய உண்டு. விளாங்குடியில் எனக்குத் தெரிந்த ஆங்கில வாத்தியார் ஒருவர் பணி ஓய்வு பெறும் வரை ரசீதை 'ரிசிப்ட்' என்றுதான் சொன்னார். நடுவில் அந்த 'ப்' கிடையாதாம், பேத்தி சொல்லித்தான் அவருக்கே தெரிந்ததாம். என் சம்பந்தி டாக்டர். கார் வாங்கப் போன இடத்தில் அடிச்சட்டத்தைச் 'சேசிஸ்', 'சேசிஸ்' என்று தட்டித் தட்டிக் காட்டினார். அது 'ஷாசி' என்று விற்பனைக்காரனுக்குத் தெரியும். தெரிந்தும் அவன், "ஆமாம் சார், நல்ல சேசிஸ் சார்" என்றான். வண்டி விற்க வேண்டாமா? படித்தவர்கள் கதையே இப்படி. நான் படிக்காமல் பிழை செய்தவன், அந்த வகையில் அவர்களைவிட ஒரு படி மேல்.

இங்கே எங்கள் பேட்டையில் ஓய்வுபெற்ற ஆண்கள் கூடும் பட்டறை ஒன்று இருக்கிறது. ஷெட் என்பார்கள். மரவேலை, சின்னச் சின்ன இரும்பு வேலை, நடுவில் தேநீர். மகள்தான் என்னைக் கொண்டுபோய் விட்டாள். அங்கே பாரி என்று ஒரு வெள்ளைக்காரர், எண்பதை நெருங்குகிறவர், முன்னாள் குழாய்க்காரர். அவர் வாயில் என் பெயர் நுழையாமல் 'சோலி' ஆகிவிட்டது. வேலையைச் சோலி என்று சொல்லும் ஊர்க்காரன் நான், ஆகவே அதைப் பட்டமாகவே வைத்துக்கொண்டேன். ஒரு நாள் காற்று அடிக்கும் கம்ப்ரசர் மக்கர் செய்தது. அழுத்தம் பார்க்கலாம் என்று கையை நீட்டி, "கௌஜ்!" என்றேன். பாரி போய் வளைந்த முனையுள்ள மர உளி ஒன்றைக் கொண்டுவந்தார். தலையை ஆட்டினேன். அதைவிடப் பெரிய உளியைக் கொண்டுவந்தார். மூன்றாவதாக அவர் கொண்டுவந்தது ஆளைக் குத்துகிற அளவு உளி. அப்புறம்தான் நான் கம்ப்ரசரின் வட்ட முகத்தைத் தட்டிக் காட்டினேன். பாரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது கேஜ், சோலி! கேஜ்! கௌஜ் என்றால் இந்த உளி!" ஷெட்டே சிரித்தது. பிஸ்கட் டப்பா வந்தது.

பிஸ்கட்டை மென்றுகொண்டிருந்தபோது எனக்குத் தமிழ்ச்செல்வி ஞாபகம் வந்தாள்.

தமிழ்ச்செல்வி டிப்ளமா படித்த பெண். எங்கள் பட்டறையில் வால்வுகளைச் சோதித்து அனுப்பும் மேஜை அவளுடையது. அவள் கை பட்ட வால்வு திரும்பி வந்ததில்லை. ஆறு வருடத்துக்கு முன்பு சென்னையிலிருந்து பெரிய கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் பட்டறையைப் பார்க்க வந்தார்கள். நான் ஆங்கிலத்திலேயே விளக்கினேன். எங்களிடம் ஒவ்வொரு வால்வும் கௌஜ் பார்த்துத்தான் வெளியே போகும் என்றேன். "என்னது?" என்றார்கள். இன்னும் சத்தமாகச் சொன்னேன். "என்னது?" என்றார்கள். மூன்றாம் முறை நான் வாயைத் திறப்பதற்குள் தமிழ்ச்செல்வி மெதுவாக, "பிரஷர் கேஜ் சார்" என்று சொல்லி, கருவியை எடுத்துக் காட்டி, ஒரு வால்வை மாட்டிச் சோதித்தும் காட்டினாள். வந்தவர்களின் முகம் தெளிந்தது. எனக்கு எரிந்தது. அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் நாற்பது பேர் முன்னால் கேட்டேன்: "நீ பொறக்குறதுக்கு முன்னாடியே கௌஜ் புடிச்சவன் நான். எனக்கே சொல்லித் தாரியா?" மறுநாள் காலையில் அவளைச் சோதனை மேஜையிலிருந்து எடுத்து, பெட்டியில் லேபிள் ஒட்டும் இடத்துக்கு அனுப்பினேன். மூன்று நாள் ஒட்டினாள். நான்காம் நாள் வரவில்லை. ஆர்டர் வந்தது. என் பேச்சால் வந்த ஆர்டர் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன்.

ஷெட்டிலிருந்து வீட்டுக்கு வந்ததும் கப்பலூருக்கு போன் போட்டேன். பட்டறையை இப்போது நடத்துவது என் போர்மேன் அழகர்சாமி, தொடக்க நாளிலிருந்து என்னோடு இருப்பவன்.

"டேய் அழகரு, அது கேஜுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"எதுண்ணே?"

"முள்ளு வச்சது."

"தெரியும்ணே."

"எப்பருந்து?"

"மொத வருசமே ஐடிஐ பசங்க சொல்லிட்டாய்ங்கண்ணே."

"நீயும் கௌஜுன்னுதானடா சொன்ன?"

"கேட்டுக்குள்ள வந்தா கௌஜு, வெளிய போனா கேஜு. எல்லாருமே அப்படித்தாண்ணே. புதுசா ஆள் சேந்தா மொத நாளே சொல்லிக் குடுத்துருவோம்ல."

"ஒருத்தனாச்சும் எங்கிட்டச் சொல்லக் கூடாதாடா?"

"சொன்ன புள்ளைய என்ன பண்ணீகன்னுதான் பாத்தோம்லண்ணே."

கடல் கடந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். என் நாற்பது பேரும் தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு வந்து, கேட்டில் தங்கள் நாக்கைக் கழற்றி வைத்துவிட்டு, என் நாக்கை மாட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள். நாங்கள் அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தோம்.

யாரிடமும் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. தேவை வந்ததில்லை என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் தேவை வந்தது எனக்குத் தெரியவில்லை என்பதே உண்மை. அழகர்சாமியிடம் எண் வாங்கித் தமிழ்ச்செல்வியைக் கூப்பிட்டேன். அதே தொழிற்பேட்டையில், இரண்டு தெரு தள்ளி இன்னொரு பட்டறையில் சோதனைப் பிரிவுக்கே அவள்தான் இப்போது தலைமை. நான் மகள் வீட்டில் மூன்று குளியலறை இருப்பதையும், வாசலில் பூக்கும் ரோஜாவின் அளவையும் சொல்லிக்கொண்டே போனேன்.

"சார், மிஷின் ஓடுது. என்ன விசயம்?"

"அது கேஜ்தாம்மா."

"எது சார்?"

"அன்னைக்கு நீ சொன்னது."

"இதச் சொல்லவா ஆஸ்திரேலியாவுலருந்து போன் போட்டீங்க?" என்றாள்.

"ஆமா."

"எனக்கு அது முன்னாடியே தெரியும்ல சார். அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னாடி கேட்டீங்கல்ல? அம்புட்டுப் பேரு முன்னாடி சொல்லுங்க. வைக்கவா?"

வைத்துவிட்டாள்.

ஆயுத பூஜை வந்தது. அன்று பட்டறையில் மிஷின்கள் ஓயும், கருவிகளெல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொள்ளும், முதலாளி நாலு வார்த்தை பேசுவார். அங்கே காலை பதினொரு மணி, இங்கே சாயங்காலம். வீடியோவில் தெரிந்தேன். கப்பலூர்ப் பேட்டையில் ஒரு பட்டறைக்காரர் இன்னொரு பட்டறைக்குப் பொரிகடலை கொண்டுபோவது வழக்கம். தமிழ்ச்செல்வி அவர்கள் பட்டறைப் பொரியோடு வந்திருந்தாள். கேட்டுக்கு வெளியேதான் நின்றாள். அழகர்சாமி போனை அவள் பக்கம் திருப்பி எனக்குக் காட்டிவிட்டு, மறுபடி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பிடித்தான்.

லேத்தில் நான் இரும்புத்தூள் கூட்டியதிலிருந்து ஆரம்பித்தேன். பம்பு, வால்வு, முதல் ஆர்டர் என்று கால்மணி நேரம் ஓடியது. அழகர்சாமி குனிந்து, "அண்ணே, சூடம் அணையப் போகுது" என்றான்.

"அது கேஜ்," என்றேன். "தமிழ்ச்செல்வி சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. அந்தப் பிள்ளைய லேபிள் ஒட்ட அனுப்புனது அதவிடப் பெரிய தப்பு."

இருபத்தைந்து வருடப் பழக்கம், முதலாளி தப்பு என்று சொன்னால் அதற்கு 'ஆமாம்' போடலாமா கூடாதா என்று நாற்பது பேருக்கும் தெரியவில்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தமிழ்ச்செல்வி கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். பொரித் தட்டை அழகர்சாமியிடம் கொடுத்தாள். அவளுடைய பழைய மேஜைக்குப் போய், குங்குமம் வைக்காமல் விடுபட்டிருந்த அந்த வட்டக் கருவிக்கு மோதிர விரலால் பொட்டு வைத்தாள்.

"திரும்பி வாரியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். இப்ப இருக்குற எடத்துல யாரு தப்பாச் சொன்னாலும் நான் சொல்லலாம்." என்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று நினைக்கிறேன். வீடியோ விட்டுவிட்டுத்தான் தெரிந்தது.

போன வாரம் அழகர்சாமியோடு பேசினேன். புது கேஜ் நாலு வாங்க வேண்டும் என்றான். கேஜ் என்று எவ்வளவு சுத்தமாகச் சொல்கிறான்! நானே உத்தரவு போட்டதுதான். இருந்தாலும் என் வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டு எனக்குச் சாவி தராத மாதிரி இருந்தது.

அன்று ஷெட்டுக்குப் போனால் கருவிகள் மாட்டும் பலகையில் உளிகளுக்குப் பக்கத்திலேயே அழுத்தம் பார்க்கும் கருவியை ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே பாரி கறுப்பு மையில் 'சோலியின் கௌஜ்' என்று எழுதி வைத்திருக்கிறார். இப்போது ஷெட்டில் அத்தனை வெள்ளைக்காரர்களும் அதை அப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள். முகத்துக்கு நேராகவே சிரித்துக்கொண்டு, "சோலி, அந்தக் கௌஜை எடு" என்று பாரி கையை நீட்டினார். கப்பலூரில் இப்போது ஒருவர் வாயிலும் இல்லாத அந்தச் சொல்லுக்கு இங்கே குடியுரிமை கிடைத்துவிட்டது, எனக்குத்தான் இன்னும் வரவில்லை. ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எடுத்துக் கொடுக்கும்போது அதை என்ன பெயர் சொல்லிக் கொடுப்பது என்று தெரியாமல் வாயைத் திறந்து மூடினேன்.