மச்சானுக்கு ஒரு இசை மாலை

கரும்பு அரவை நடக்குற மாசத்துல எறையூர்ப் பக்கம் காத்தே இனிக்கும். அந்தக் காத்துல எங்க கச்சேரி மெதந்த சாயங்காலத்த நெனச்சா, நெசமா நடந்துச்சா கனவு கண்டனான்னு இன்னும் எனக்குச் சந்தேகந்தான்.

மச்சானுக்கு, அதாவது எங்க அக்கா வூட்டுக்காரருக்கு, ரெண்டு கிட்னியும் போயிருந்துச்சு. அக்கா தன்னோடதுல ஒண்ணத் தரேன்னு நின்னுச்சு. மனுசன் ஒத்துக்கிட்டாத்தானே! "எனக்காக அவளையும் எதுக்கு அறுக்கணும்? நான் போனா யாருக்கு என்ன நட்டம்?" இதே பேச்சு. தான் புடிச்ச முயலுக்கு மூணே கால்ங்கிற ஆளு. எனக்குப் பத்திக்கிட்டு வரும். அவரு சம்மதிக்கிறப்ப சம்மதிக்கட்டும், ஆபரேஷன் செலவுக்காவது வழி பண்ணுவோம்னு கூட்டாளிங்க சேந்து பள்ளிக்கூட மைதானத்துல கச்சேரி வச்சோம். வரதராசன்பேட்டையிலேருந்து சர்ச்சுல பாடுறவங்க, அரும்பாவூர் தவில்காரரு, நாதஸ்வரக்காரரு வந்தாங்க. யாரும் கூலி வாங்கல.

ஃபிளக்ஸ் கடைக்காரரு பழக்கதோசத்துல மச்சான் போட்டோவுக்கு ரெண்டு பக்கமும் குத்துவெளக்க வச்சிட்டாரு. கீழ கொட்ட எழுத்துல 'அண்ணனுக்கு ஓர் இசை மாலை'. பஸ் ஸ்டாப்புல அதப் பாத்த சனம் என்னன்னு நெனைக்கும்?

வெயிலு மஞ்சளாக் கரைஞ்சுக்கிட்டிருந்துச்சு. பாட்டு கரும்புக்குள்ள போயி, செத்த நேரங்கழிச்சுத் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. அப்பத்தான் வரப்பு வழியா ஆளுங்க, கையில ரோசா மாலையோட! முன்னால வந்த மச்சானோட பெரியம்மா, "என் ராசா, போயிட்டியே!"ன்னு மாரடிச்சுக்கிட்டே உள்ள நுழைஞ்சுச்சு. ராசா மொத வரிசை நாற்காலியில உக்காந்து ஒரு வாய் டீ குடிச்சிட்டிருந்தாரு.

"அடப்பாவி, உசுரோடயா இருக்க!" அழுத கண்ணோட முதுகுல நாலு போடு போட்டுச்சு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேந்தே வந்துச்சு. கொண்டாந்த மாலைய என்ன பண்றதுன்னு தெரியாம எல்லாரும் மேடைக் கம்பத்துல மாட்டுனாங்க. மைதானம் பூரா ரோசா வாசம்.

கடைசியா வந்தாரு, வாய்க்கா தகராறுல மச்சான்கிட்ட வருசக்கணக்காப் பேசாத அவரு பங்காளி. கண்ணு செவந்து கெடந்துச்சு. மச்சான் பக்கத்துல உக்காந்து, துண்டால மூஞ்சியப் பொத்திக்கிட்டுக் குலுங்குனாரு. மச்சான் அவரையே பாத்துட்டிருந்தாரு. அப்பறம் அந்தாண்ட நின்ன அக்காவப் பாத்து, "ஏ புள்ள, ஆஸ்பத்திரிக்கு என்னைக்கு வரச் சொன்னாங்க?"ன்னாரு.

தவில் சத்தத்துல அக்காவுக்குக் கேக்கல. மச்சான் எந்திரிச்சுப் பக்கத்துல போயி, இன்னொரு தடவ கேட்டாரு.